உடைக்க வேண்டாம், தீட்டுங்கள்

ஓவர்லாக் மெஷினில் தைத்த பனியனை எடுத்துப் பாருங்கள். கழுத்துப் பட்டி முடிகிற இடம், கை மடிப்பு, தோள், லேபிள் ஓரம் என்று பல இடங்களில் நூல் வால் தொங்கும். அதை ஒட்ட வெட்டி எடுத்த பிறகுதான் பீஸ் செக்கிங்குக்குப் போகும். இந்தப் பிசிறு வெட்டும் வேலை திருப்பூரில் கம்பெனிக்குள்ளும் நடக்கிறது, மூட்டை கட்டி வீடுகளுக்கும் வருகிறது. மங்கலம், பெருமாநல்லூர், பல்லடம் பக்கமெல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் மூட்டையைப் பிரித்து உட்காரும் பெண்களைப் பார்க்கலாம். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. நூல் வெட்டும் சின்னக் கத்திரியான டிரிம்மர் மழுங்கினால் கை ஓடாது, கூலியும் குறையும்.

"வெட்ட மாட்டேங்குதுங்க, இழுக்குதுங்க" என்று ஒரு அக்கா சொன்னால், கோளாறை அவர் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். மழுங்கிய டிரிம்மர் நூலை அறுப்பதற்குப் பதிலாக இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடக்கிப் பிடித்து இழுக்கிறது. நெய்த துணியாக இருந்தால் இதனால் பெரிய கேடு இல்லை. பனியன் துணி அப்படியல்ல. நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போவதுதான் சிங்கிள் ஜெர்சி. இழுபடும்போது ஒரு வளையம் மேலே எழும்பி அலகில் மாட்டி அறுந்தால் அங்கே ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். இரண்டு முறை துவைத்தால் அது கீழே ஓடும். தைத்து, அயர்ன் செய்து, பேக்கிங் வரை வந்த பீஸ் கடைசியில் டேமேஜ் கணக்கில் சேரும்.

மெல்லிய நூலை வெட்டும் இரும்பு ஏன் இத்தனை சீக்கிரம் மழுங்குகிறது என்று பலருக்கும் ஆச்சரியம். பருத்தி நூல் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தையலுக்குப் போடும் பாலியஸ்டர் நூலில்தான் விஷயம் இருக்கிறது. அதன் கண்ணைக் கூசும் பளபளப்பைக் குறைக்க, இழை தயாராகும்போதே டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடியைக் கலக்கிறார்கள். மிக நுண்ணிய, கடினமான துகள் அது. நூல் ஓடுகிற வழிகாட்டிகளையே அரிக்கும். நாள் முழுக்க அதை வெட்டும் அலகின் விளிம்பு உருண்டுபோவதில் வியப்பில்லை.

டிரிம்மருக்கு அடுத்தபடி இந்த ஊரில் அதிகம் புழங்குவது கட்டர் கத்தி. சாம்பிள் பீஸுக்குப் பேட்டர்ன் அட்டை வெட்டுகிறவர், பிரிண்டிங் பட்டறையில் பிலிம் வெட்டுகிறவர், அட்டைப்பெட்டி பிரிக்கிறவர், வீட்டில் காகித வேலை செய்கிற பிள்ளைகள் என்று எல்லாருடைய கையிலும் இருக்கிறது. பிளேடில் கோடு கோடாகக் கீறல் இருக்கும். முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துவிட்டு அடுத்த முனையை எடுத்துக்கொள்ளலாம். 1956-ல் ஒசாகாவில் யோஷியோ ஒக்காடா என்பவர் கண்டுபிடித்த அமைப்பு இது. அச்சகத்தில் வேலை பார்த்தவர் அவர். உடைந்த கண்ணாடித் துண்டின் கூரையும், ஒடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியையும் பார்த்து இந்த யோசனை பிறந்தது. பெரும்பாலும் 9 மில்லிமீட்டர், 18 மில்லிமீட்டர் என்ற இரண்டு அகலங்களில் இன்று உலகம் முழுவதும் கிடைக்கிறது. தீட்டத் தேவையில்லாத கத்தி வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் பனியன் இருக்கிற இடத்தில் பிளேடை ஒடிப்பது ஆபத்து. ஒடித்த துண்டு எங்கே தெறித்தது என்று தெரியாவிட்டால், குழந்தைச் சட்டையின் மடிப்புக்குள் அது போய்ச் சேரலாம். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, காகிதத்தில் ஒட்டி, பதிவேட்டில் எழுதி வைப்பார்கள். அதன் பிறகுதான் புது ஊசி கிடைக்கும். டிரிம்மருக்கு எண் போட்டு, கயிற்றால் மேஜையோடு கட்டி வைத்திருப்பார்கள். கடைசியில் பீஸ்கள் ஊசி கண்டறியும் மெஷினுக்குள் போகும். பொதுவாக 1.0 அல்லது 1.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு உருண்டையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அதைச் சரிசெய்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வருகிற மூட்டைக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன்: இந்த ஊரில் பிளேடை ஒடிப்பதைவிடத் தீட்டுவதே நல்லது. செலவு மிச்சமாவது அதற்கு அடுத்த காரணம்தான்.

தேவையான சாமான் அதிகமில்லை. கண்ணாடிக் கடையில் வெட்டி மீந்த கண்ணாடித் துண்டு ஒன்று வேண்டும். உள்ளங்கை அகலம், ஒரு சாண் நீளம், 5 மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லி வாங்குங்கள். ஹார்டுவேர் கடையிலோ கார் பெயின்ட் கடையிலோ வாட்டர் பேப்பர் கிடைக்கும். 600, 1000, 2000 என்ற எண்களில் ஒவ்வொரு தாள் வாங்குங்கள். எண் கூடக் கூடத் துகள் நைசாகும். மரத்துக்குத் தேய்க்கும் சாதாரண உப்புத்தாள் இதற்கு ஆகாது. நனைந்தால் பிய்ந்துவிடும், துகளும் முரடு. இவற்றோடு மார்க்கர் பேனா ஒன்று, ஐஸ் குச்சி இரண்டு, பேட்டர்ன் அட்டைத் துண்டு ஒன்று, பாலிஷ் மெழுகுக் கட்டியில் கொஞ்சம். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால், எவர்சில்வர் பாத்திரத்துக்குக் கடைசிப் பளபளப்பு ஏற்றும் மெழுகைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கட்டைவிரல் அளவு இருந்தால் நெடுநாளைக்கு வரும். துடைக்கப் பனியன் வேஸ்ட் வீட்டிலேயே கிடக்கும்.

அம்மிக்கல்லிலும் வாசல்படியிலும் கத்தி தீட்டிய வீடுகள்தானே, இதற்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்கலாம். வெங்காயம் நறுக்கும் கத்திக்கு அது போதும். அரை மில்லிமீட்டர் கனமுள்ள பிளேடுக்குத் தளம் மட்டமாக இருந்தே ஆகவேண்டும். பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை வெறும் கல்லில் தேய்ப்பதில்லை. மட்டமான மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி அதன் மேல் தீட்டுவார்கள். கடினமான நைசுப் பொடி, அதற்கு அடியில் மட்டமான தளம். கண்ணாடி மேல் வாட்டர் பேப்பர் விரிப்பதும் அதே முறைதான்.

முதலில் கட்டர் பிளேடு. பிளேடை வெளியே எடுத்து, விளிம்பு மேலே பார்க்கும்படி டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். விளிம்பில் பல் விழுந்திருந்தால் அதுவும் தெரியும். பல் இருந்தால் மட்டும் 600-ல் தொடங்குங்கள். வெறும் மழுங்கல் என்றால் 1000 போதும். நிறையப் பேர் முரட்டுத் தாளில் தொடங்கி, தேவையில்லாமல் பிளேடில் பாதியைத் தேய்த்துவிடுகிறார்கள்.

இவ்வளவு சின்னதை விரலில் பிடித்துத் தேய்த்தால் விரல்தான் வெட்டுப்படும். ஐஸ் குச்சி இரண்டுக்கும் நடுவே பிளேடின் முதுகுப் பக்கத்தைச் செருகி, விளிம்பும் சரிவும் மட்டும் வெளியே நீட்டும்படி வைத்து, கோன் நூலால் இறுகச் சுற்றிக் கட்டுங்கள். நல்ல கைப்பிடி ஆகிவிடும். முனைப் பகுதி கீறலில் ஒடிந்துவிடாமலும் அது தாங்கிக்கொள்ளும். பிளேடை நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு தேய்க்கவே கூடாது. கீறலில் படக்கென்று ஒடியும், துண்டு கண்ணை நோக்கி வரும்.

கண்ணாடியை நனைத்து அதன் மேல் வாட்டர் பேப்பரை விரித்தால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். மேலே சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விடுங்கள். கத்தி தீட்ட எண்ணெய் விடுவது பல ஊர்களில் வழக்கம். இங்கே வேண்டாம். தேய்ந்த இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்த கறுப்புச் சேறு வெள்ளைப் பனியனில் பட்டால் எளிதில் போகாது. சோப்புத் தண்ணீரில் கலந்தது கழுவினால் போய்விடும்.

பிளேடின் சரிவு முழுக்க மார்க்கரால் மை பூசுங்கள். விளிம்பு உங்களைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி தாளில் படிய வைத்து, முதுகை லேசாக உயர்த்துங்கள். பிளேடின் அகலத்தில் கால் பங்கு உயர்த்தினால் ஏறக்குறைய 15 டிகிரி வரும். 18 மில்லிமீட்டர் பிளேடுக்கு நாலரை மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் பிளேடுக்கு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரே ஒரு முறை உங்களை நோக்கி இழுத்துவிட்டுப் பாருங்கள். சரிவின் மேல்பக்கத்தில் மட்டும் மை அழிந்திருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது. விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் முதுகு அதிகம் உயர்ந்துவிட்டது. சரிவு முழுக்க ஒரே சீராக அழிந்தால் அந்தக் கோணத்திலேயே மணிக்கட்டைப் பூட்டிக்கொள்ளுங்கள். அளவுகோலைவிட மை சொல்வதையே நம்பலாம். பிளேடுக்குப் பிளேடு கம்பெனி போட்ட சரிவு கொஞ்சம் மாறும்.

விளிம்பு பின்னால் வரும்படி இழுப்பதுதான் தாளுக்கு ஏற்ற முறை. விளிம்பை முன்னால் தள்ளினால் தாள் கிழியும். கல்லில் தீட்டுகிறவர்கள் தள்ளலாம். அழுத்தம் மிகக் குறைவாக இருக்கட்டும், பிளேடின் எடையோடு விரல் நுனி எடை சேர்ந்தால் போதும். ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு மறுபக்கத்தைக் கட்டைவிரல் சதையால், விளிம்புக்குக் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. மெல்லிய சொரசொரப்பு தட்டுப்பட்டால் இரும்பு அந்தப் பக்கம் மடிந்து எழும்பியிருக்கிறது. பட்டறைக்காரர்கள் இதை 'பர்' என்பார்கள். விரலுக்குத் தெரியாவிட்டால் பனியன் வேஸ்டால் அதே திசையில் துடைத்துப் பாருங்கள், இழை மாட்டும். விளிம்பு முழுக்க, இந்த முனை தொடங்கி அந்த முனை வரை பர் எழும்பினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பாதி விளிம்பில் பர் வந்ததும் திருப்பிவிடுவதால்தான் பலருடைய கத்தி ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் சறுக்குகிறது.

பிறகு பிளேடைத் திருப்பி அதே அளவு. அதன் பிறகு 2000 தாளில் இரண்டு பக்கமும் மாறி மாறி, இன்னும் லேசாக. கடைசியாகப் பேட்டர்ன் அட்டையில் பாலிஷ் மெழுகைத் தேய்த்து, அதன் மேல் பக்கத்துக்குப் பத்து இழுப்பு. இங்கேதான் மீந்த பர் உதிர்ந்து விளிம்பு பளபளப்பாகிறது. நேரம் இல்லையென்றால் மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். பர் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளேடு முதல் வெட்டில் அபாரமாக வெட்டும், பத்தாவது வெட்டில் பழையபடி மழுங்கும்.

டிரிம்மர் வேறு சாதி. கத்தி ஒரு விளிம்பால் வெட்டுகிறது. டிரிம்மரில் இரண்டு அலகுகள் ஒன்றையொன்று உரசிக் கடக்கும்போது நூல் அறுபடுகிறது. அதனால் கூர் மட்டும் போதாது, உரசலும் சரியாக இருக்க வேண்டும். தீட்டும் முன்பு சும்மா மூடி வெளிச்சத்தில் பாருங்கள். முனையில் அலகுகள் சேராமல் வெளிச்சம் தெரிந்தால் டிரிம்மர் கீழே விழுந்து வளைந்திருக்கலாம், ரிவெட் தளர்ந்திருக்கலாம். எவ்வளவு தீட்டினாலும் அது வெட்டாது. ரிவெட் உள்ளதென்றால் கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு. வளைந்துவிட்டதென்றால் புதிது வாங்குவதே மேல். இன்னொன்றும் பாருங்கள். அலகின் உள்பக்கத்தில், அடிப்பகுதியில், பஞ்சுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாக அடைந்திருக்கும். மழுங்கிவிட்டதாகத் தூக்கி வைத்த டிரிம்மர்களில் பல, இந்த அழுக்கை ஊசியால் சுரண்டி எடுத்ததுமே வெட்டத் தொடங்கிவிடும்.

வெட்டாவிட்டால் தீட்டலாம். அலகின் உள்பக்கம் மட்டமாக இருக்கும், வெளிப்பக்கம் விளிம்பருகே சரிந்திருக்கும். அந்த வெளிச் சரிவை மட்டும்தான் தீட்ட வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் டிரிம்மர் கெடாது. உள்பக்கத்தைச் சாய்த்துத் தேய்த்தீர்கள் என்றால் அலகுகள் உரசாமல் விலகிப் போகும். நூல் நடுவே மடங்கி நழுவும். அதற்குப் பிறகு அதைச் சரிசெய்வது வீட்டில் முடியாத வேலை.

ஐஸ் குச்சியின் ஒரு பக்கம் 1000 வாட்டர் பேப்பரைச் சின்னப் பட்டையாக வெட்டி ஒட்டுங்கள். டிரிம்மரின் வாயை ஒரு துணிச் சுருளால் அகலத் திறந்து வைத்து, மேஜை விளிம்பில் ஒரு அலகைப் படுக்கப் போட்டு இடது கையால் அழுத்திக்கொள்ளுங்கள். வெளிச் சரிவில் மை பூசுங்கள். குச்சியை அந்தச் சரிவில் படிய வைத்து, அடியிலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் ஓட்டுங்கள். இங்கே அலகு அசையாது, குச்சிதான் அசைகிறது. மை சீராக அழிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏழெட்டு ஓட்டம். முனைக்கு வரும்போது குச்சியை உருட்டிவிடாதீர்கள். பிசிறு வெட்டுவதே அந்த முனையின் கடைசி அரை சென்டிமீட்டர்தான், அது உருண்டுபோனால் நூலை ஒட்ட வெட்ட முடியாது.

பர் உள்பக்கம் எழும்பும். அதை எடுக்காமல் டிரிம்மரை மூடினால் ஒரு அலகின் பர் மற்ற அலகின் விளிம்பைக் கீறிவிடும். எனவே வாயைத் திறந்தபடியே, 2000 தாளின் மேல் உள்பக்கத்தை முழுக்க மட்டமாகப் படுக்க வைத்து ஒரே ஒரு முறை, வேண்டுமானால் இன்னொரு முறை, லேசாக இழுங்கள். அவ்வளவுதான். மறு அலகுக்கும் இப்படியே. பிறகு கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள். ரிவெட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. உடனே பீஸை எடுத்துவிட வேண்டாம். பனியன் வேஸ்டில் முப்பது நாற்பது வெட்டு வெட்டுங்கள். மீந்த கறுப்பும் எண்ணெயும் அதில் போகட்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தொங்கும் ஒற்றைத் தையல் நூலை இழுத்துப் பிடிக்காமல், தொங்குகிறபடியே அலகின் முனையால் வெட்டிப் பாருங்கள். அறுந்து விழ வேண்டும், மடங்கக் கூடாது. அடுத்து மெல்லிய சிங்கிள் ஜெர்சி வேஸ்டின் ஓரத்தை முனையால் ஒரு வெட்டு. வெட்டுவாய் சுத்தமாக இருந்தால் தீட்டியது சரி. துணி பின்னோக்கி வழுகினால் 2000 தாளில் இன்னும் இரண்டு ஓட்டம்.

தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமே என்றால், அரிவாள்மனை, வெட்டுக்கத்தி, பெரிய துணிக் கத்திரி எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். அந்த வேலையில் அவர்கள் கை தேர்ந்தது. டிரிம்மரையும் கட்டர் பிளேடையும் மட்டும் வேண்டாம். உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் இரும்பு வைக்கோல் நிறமாகும், 300-ஐ நெருங்கும்போது நீலம் பாயும். நீலம் பாய்ந்த விளிம்பில் பதம் போய்விட்டது என்று பொருள். கூராக இருந்தாலும் ஒரு மூட்டைகூடத் தாங்காது. ஓவர்லாக் மெஷினின் கீழ்க்கத்தியை அதற்கென்று கிரைண்டர் வைத்திருக்கும் உதிரிபாகக் கடையில் கொடுங்கள். மேல்கத்தியில் பெரும்பாலும் கார்பைடு பதித்திருப்பார்கள், வாட்டர் பேப்பர் அதன் மேல் ஏறாது. கட்டிங் மாஸ்டரின் மெஷின் கத்தியைப் பற்றிக் கவலையே வேண்டாம். நேர்கத்தி மெஷின்களில் பெரும்பாலும் தீட்டும் பெல்ட் கூடவே இருக்கும்.

உப்புத்தாளைக் கத்திரியால் வெட்டினால் கூர் வரும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. விளிம்பு சொரசொரப்பாகி இரண்டு நாள் வெட்டுவது போலத் தோன்றும். அதே நேரத்தில் அலகின் உள்பக்கம் முழுக்கக் கீறல் விழும். டிரிம்மருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

தையல் பிரிக்கச் சிலர் ஷேவிங் பிளேடைப் பாதியாக ஒடித்து வைத்திருப்பார்கள். அதைத் தீட்ட முயல வேண்டாம். தேய்க்க இரும்பே இல்லாத அளவுக்கு மெல்லியது. பனியன் வேலைக்கு அது ஏற்ற கருவியும் அல்ல. கட்டர் பிளேடைக்கூட முடிவில்லாமல் தீட்ட முடியாது. சரிவு அகன்று கீறல் கோடுகளின் பாதிக்கு மேல் ஏறிவிட்டால் அதன் காலம் முடிந்தது. துருப்பிடித்துக் குழி விழுந்த பிளேடும் அப்படியே.

அப்படி முடிந்துபோன பிளேடுகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். திருப்பூரின் பனியன் வேஸ்ட் மூட்டைகள் நிறம் பிரிக்கும் கூடங்களுக்குப் போகின்றன. அங்கே பெண்கள் வெறும் கையால் அள்ளி அள்ளிப் பிரிக்கிறார்கள். பிறகு துணி மெஷினில் கிழிபட்டுப் பஞ்சாகி மறுபடி நூலாகிறது. வேஸ்டுக்குள் விழுந்த ஒரு பிளேடு முதலில் ஒருவர் உள்ளங்கையைக் கிழிக்கும். அதில் தப்பினால் பஞ்சு பறக்கும் மெஷினுக்குள் போய்ப் பொறி கிளப்பும். பஞ்சு மில்களில் தீ பிடிக்க இரும்புத் துண்டு ஒன்று போதும். மூடியுள்ள தகர டப்பா ஒன்றில் பிளேடு நுழையும் அளவுக்குத் துளை போட்டு, பழைய பிளேடுகளை அதில் போட்டு வாருங்கள். நிறைந்ததும் வாயை அடைத்து, மேலே "பிளேடு" என்று எழுதி, பழைய இரும்பு வாங்குகிறவரிடம் கையில் கொடுத்துவிடுங்கள்.